புது ஸ்பீக்கரும் பழகிய காதும்: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கி ஹோலில் பூட்டியவர்கள் மறுநாள் என்னை அழைத்தால், பெரும்பாலும் சந்தோஷமாகக் கதைப்பதில்லை. "அண்ணை, காசை வீணாக்கிப்போட்டன் போல கிடக்கு" என்றுதான் தொடங்குவார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

புது ஸ்பீக்கர் போட்டு மூன்று நாள். பழையதில் இருந்த 'கும்' என்ற அடி இல்லை. பாட்டு மெலிந்துபோன மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அநேகமாக இல்லை. பழைய செற்களும் சின்னப் பெட்டிகளோடு வரும் ஹோம் தியேட்டர்களும் 100 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) அளவில் ஒரு மேடு வைத்துத்தான் ஒலிக்கும். ஆழமான பேஸை அந்தப் பெட்டியால் தர முடியாது. அதை மறைக்க, கொஞ்சம் மேலே உள்ள பகுதி தூக்கலாக இருக்கும். உச்சியிலும் ஒரு 'ஸ்ஸ்' சேர்ந்திருக்கும். பத்து வருடம் அதையே கேட்ட காதுக்கு அதுதான் நேரான கோடு. உண்மையிலேயே நேரான ஒன்று வந்தால் அது பள்ளமாகத் தெரியும்.

என் வீட்டிலும் இதுதான் நடந்தது. பழைய மூன்று வழி (பேஸ், நடு, உச்சி என மூன்று கோன் உள்ள) ஸ்பீக்கர் பொக்ஸைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒரு சோடி வைத்தேன். குசினியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சத்தம் செத்துப்போச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு இரவு சரியாக நித்திரை இல்லை. நான்காவது கிழமை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய பொக்ஸைத் திரும்பப் பூட்டினேன். பாடுகிறவரின் தலையில் யாரோ பானையைக் கவிழ்த்தது போல இருந்தது. அந்தப் பொக்ஸ் மாறவே இல்லை, என் காதுதான் மாறியிருந்தது.

நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 90களின் முற்பாதியில் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடைப்பதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தோம். சுற்றும் வேகம் குறைந்தால் குரலும் அமுங்கும். அந்தச் சின்ன ரேடியோ ஸ்பீக்கரில் கீழ்ப்பகுதி ஒலி கிட்டத்தட்ட இல்லை, உச்சியும் இல்லை. நடுவில் குரல் மட்டும் முன்னுக்கு நிற்கும். பாட்டு என்றால் எங்களுக்கு அதுதான். அதனால், எல்லாவற்றையும் அதனதன் அளவில் தருகிற ஸ்பீக்கர் முதலில் அந்நியமாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, காதைக் குறை சொல்வதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

வயரை. கட்டாயம் வயரைப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், பேஸ் தரும் பெரிய கோனான வூஃபர் ஒன்று வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு காணாமல் போகும். குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். 'மெலிந்த சத்தம்' என்று என்னிடம் வந்த முறைப்பாடுகளில் சில இந்த ஒரு வயரோடு தீர்ந்திருக்கின்றன.

சோதிக்க ஒரு மோனோப் பாட்டை, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் பாட்டை எடுங்கள். தேடி அலையத் தேவையில்லை. 70களின் பிற்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோதான். இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து கண்ணை மூடுங்கள். குரல் இரண்டுக்கும் சரி நடுவில், வெறும் சுவரில் இருந்து வர வேண்டும். தலைக்குப் பின்னாலோ எங்கேயென்றே தெரியாமலோ வந்தால், ஒரு பக்க வயரை மாற்றிப் பூட்டுங்கள். அம்ப்ளிஃபையரை (அம்பை) நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

பின்பக்க நிறம் அழிந்த பழைய பொக்ஸ் என்றால், அம்பில் இருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ற் பற்றரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால், பற்றரியின் நேர்முனை தொட்ட இடம்தான் சிவப்பு.

100 மணித்தியாலம் ஓடவிட்டால் ஸ்பீக்கர் இளகிச் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறாரே?

பாதி உண்மை. கோனைத் தாங்கும் துணி வளையமும் விளிம்பு றப்பரும் புதிதில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஓட ஓட அவை இளகும், வூஃபரின் அடி அதிர்வெண் சற்றுக் கீழே இறங்கும். அந்த இளக்கத்தின் பெரும்பங்கு முதல் சில மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும், காதுக்குத் தெரிகிற அளவும் சிறியது. ஆளில்லாத அறையில் இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் முன்னால் இருந்து கேட்கிற மணித்தியாலம்தான் கணக்கு. இளக வேண்டியதில் பெரியது உங்கள் பழக்கம்.

அப்படியென்றால் எத்தனை நாள் பொறுப்பது?

மூன்று கிழமை. இது என் அனுபவக் கணக்கு. சிலருக்கு ஒரு கிழமையே போதும்.

பொறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அம்பில் பேஸையும் ட்ரெபிளையும் (உச்சி ஒலியையும்) நடுவுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பழைய பொக்ஸின் குறையை நிரப்ப என்றோ திருகிய திருகுகள் அப்படியே இருக்கும், புது ஸ்பீக்கர் அதன் பலியாகும். போனிலும் ரிவியிலும் உள்ள ஈக்வலைசரையும் மறக்காமல் அணையுங்கள். அப்புறம், பழக்கமான ஏழெட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றையே கேளுங்கள். பழையதையும் புதியதையும் நாளுக்கு நாலு முறை மாற்றி மாற்றிப் பூட்ட வேண்டாம். காது எதிலும் நிலைக்காது.

மூன்று கிழமை முடிய ஒரு மாலை மட்டும் பழையதைப் பூட்டிப் பாருங்கள். சத்த அளவை இரண்டிலும் சமமாக வையுங்கள். ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே, 'கூடச் சத்தம்' என்று தோன்றாமல் 'கூட நல்லது' என்று தோன்றும். காது எங்களை ஏமாற்றுகிற இடம் இது.

பழைய ஸ்பீக்கரை வைத்து அளக்கக்கூடாது என்றால், எதை வைத்து அளப்பது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். இதில் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. ஸ்பீக்கர் வழியாக வராத இசை எங்கள் வாசலில் இருக்கிறது. மேளத்துக்குப் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் இருக்கிற ஊர் இது. தட்சிணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதஸ்வரமும் ஒலித்த மண். கோயில் திருவிழாவில் சுவாமி வீதி வலம் வரும்போது மேளத்துக்குப் பக்கத்தில், ஐந்தாறு அடியில் போய் நில்லுங்கள். குழாய் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்க வேண்டாம். அது நடுப்பகுதியை மட்டும் பிடித்துத் தூர வீசுகிற கருவி, கூப்பிடுவதற்கு நல்லது, அளவுகோலுக்கு உதவாது.

தவில்காரரின் கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். வலது கை விரல்களில் கூடு போட்டிருப்பார். அந்தப் பக்கத் தோல் இறுகிக் கட்டியது, அடி கல்லில் கல் பட்டது போலத் தெறிக்கும். இடது பக்கம் தளர்ந்த தோல், பூவரசங்கழியால் அடிப்பார். அங்கே முதலில் கழி தோலில் படும் 'டக்' வரும், அதன் பின்னால் தோலின் 'தொம்' விரியும், பிறகு அது அடங்கும். மூன்றும் ஒரு நொடிக்குள் நடக்கும், ஆனால் மூன்றும் தனித்தனி.

அந்த ஞாபகம் மங்குமுன் வீட்டுக்கு வந்து ஒரு தவில் ஒலிப்பதிவைப் போடுங்கள். பழைய பொக்ஸில் மூன்றும் சேர்ந்து ஒரே 'தும்' ஆகும். இத்தனை நாள் அதைத்தான் நல்ல பேஸ் என்று நினைத்திருப்போம். நல்ல ஸ்பீக்கர் கழியைக் கழியாகவும் தோலைத் தோலாகவும் தரும். 'தொம்' அளவில் குறைந்தது போலப் படலாம், ஆனால் அது தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரியும். எனக்கு இது விளங்கியது நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் ஒரு மாலை. அன்றிரவு வீட்டுக்கு வந்து கேட்டபோது, புது ஸ்பீக்கர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

கோயில் தூரம் என்றால் வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான குரலைப் போனில் பதிவு செய்து, அவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தே ஒலிக்கவிடலாம். நெஞ்சுக்கூட்டில் இருந்து பேசுவது போல வீங்கிக் கேட்டால் பேஸ் கூட. மூக்கால் பேசுவது போல இருந்தால் நடுப்பகுதியில் பிழை. மனிதக் குரலில் காது இலேசில் ஏமாறாது.

முன்பு இனிமையாக இருந்த பழைய பாட்டுகள் இப்போது இரைச்சலாகவும் கரகரப்பாகவும் கேட்கின்றனவே?

இரைச்சல் முன்பும் இருந்தது, உச்சி ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான பழைய ட்வீட்டரால் அதைக் காட்ட முடியவில்லை. பாட்டுப் பதிந்து தரும் றெக்கோர்டிங் பாரில் லிஸ்ற் கொடுத்துக் கசற்றில் அடித்த பாட்டை, பிறகு யாரோ கணினியில் ஏற்றி, 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி, அது போன் போனாகக் கை மாறி வந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது. அதே பாட்டின் நல்ல சீடி கிடைத்தால் வாங்குங்கள், அல்லது தரமான இணையச் சேவையில் தேடுங்கள். சில பாட்டுக்கு நல்ல பிரதி கிடைக்காது. அவற்றை நான் இப்போதும் குசினி ரேடியோவில் கேட்கிறேன், அங்கே அவை நன்றாக இருக்கின்றன.

எங்கள் ஹோல் சீமெந்துத் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர். ட்ரெபிள் காதைக் குத்துகிறது. ஸ்பீக்கர் பிழையா?

ஹோலின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால், குத்துவதில் பெரும்பங்கு அறையின் வேலை. வெறும் சுவர்களும் சீமெந்தும் டைல்ஸும் ஒலியைப் பந்து போலத் திருப்பி எறியும். உங்கள் காதுக்கு ஸ்பீக்கர் ஒரு முறையும் சுவர்கள் பல முறையும் பாடுகின்றன. பழைய செற்றில் அந்த உயர் ஒலியே குறைவாக இருந்ததால் சுவரின் குணம் வெளியே வரவில்லை.

எங்கள் பழைய ஓட்டு வீடுகள் இந்த விஷயத்தில் நல்லவை. கூரை உயரம், சரிவு வேறு. ஓட்டு இடுக்கிலும் விறாந்தைப் பக்கத்தாலும் பேஸ் வெளியே போய்விடும், தேங்கி முழங்காது. தட்டையான கொங்கிறீற் தட்டும் பெரிய கண்ணாடியும் வைத்த புது வீடுகளில்தான் கூடச் சிரமப்படுகிறார்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய. ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவே தடித்த கம்பளம் ஒன்று போடுங்கள். பனையோலைப் பாய் மெல்லியது, அது போதாது. இருக்கும் இடத்துக்குப் பின் சுவரில் ஒரு தும்பு மெத்தையைச் சாய்த்து வைத்து ஒரு பாட்டுக் கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பிறகு அந்த இடத்துக்கு ஒரு புத்தக அலுமாரியையோ மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலையையோ கொண்டுவரலாம். பக்கச் சுவரில் எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், ஒருவரைக் கண்ணாடி பிடித்துச் சுவரோடு நகரச் சொல்லுங்கள். கதிரையில் இருந்து பார்க்கும்போது கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் முதல் எதிரொலி வரும் இடம். முட்டை மட்டையை ஒட்ட வேண்டாம். கேட்கும் ஒலியில் பெரிதாக எதையும் அது மாற்றாது, நெருப்புக்கு மட்டும் ஆபத்து.

யன்னலைத் திறந்து வைப்பதும் ஒரு வைத்தியம்தான். வெளியே போன ஒலி திரும்பி வராது. ஏசி போட்டு யன்னலைப் பூட்டினால் அதே ஸ்பீக்கர் வேறு மாதிரிக் கேட்பதற்கும் காரணம் இதுதான். நுணுக்கமாகக் கேட்க வேண்டிய பத்து நிமிடம் மட்டும் ஃபானை நிறுத்துங்கள்.

ஸ்பீக்கரை ஷோகேஸில் ரிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளிய ஸ்பீக்கர், பெட்டிக்குள் பெட்டி. பின்னால் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் என்றால் இன்னும் மோசம்.

ட்வீட்டர் உங்கள் காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக வரட்டும். அறை மூலைக்குள் வைத்தால் பேஸ் வீங்கும். அறை நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் 30 பாகை வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீற்றர் அளவில் போகும். 12 அடி இடைவெளியில் எதிரெதிராக உள்ள சுவர்கள் 48 ஹேர்ட்ஸ் அளவில் முழங்கும், 15 அடி என்றால் 38 அளவில். அந்த முழக்கம் சுவரோரத்தில் கூடவும் அறை நடுவில் குறைவாகவும் இருக்கும். சோபாவைப் பின் சுவரோடு ஒட்டிப் போட்டவருக்குப் பேஸ் கூடிப்போனதாகவும், சரி நடுவில் இருப்பவருக்கு பேஸே இல்லாததாகவும் படுவது இதனால்தான். கதிரையை ஒன்றரை அடி முன்னுக்கு நகர்த்தியே சிலர் பிரச்சினையை முடித்திருக்கிறார்கள்.

பின் சுவரில் இருந்து உள்ள தூரமும் அப்படித்தான். வூஃபர் சுவரில் இருந்து 2 அடியில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹேர்ட்ஸ் அளவில் நேர் ஒலியை வெட்டும். ஆண் குரலின் கனம் இருக்கிற இடம் அது. அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் குரலைக் கேட்டுப் பாருங்கள். நல்ல இடம் கிடைத்ததும் தரையில் சோக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள், வீடு கூட்டும்போது நகர்ந்துவிடும்.

இரவில் சத்தத்தைக் குறைத்தால் உயிரே இல்லை.

காது அப்படித்தான் அமைந்திருக்கிறது. சத்தம் குறையக் குறைய, கீழ்ப்பகுதி ஒலி காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மறையும். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் அளந்து வரைந்த கோடுகள் இதைத்தான் காட்டின. அம்பில் 'லவுட்னஸ்' சுவிட்ச் இருப்பது இதற்காக. இரவில் அதைப் போடுங்கள், பகலில் சத்தம் கூட்டும்போது மறக்காமல் அணையுங்கள்.

பழைய அம்ப் போதுமா?

ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள். பழையது 90 டெசிபல், புதியது 85 என்றால், அதே சத்தத்துக்கு மூன்று மடங்குக்கு மேல் வாட் வேண்டும். சிறிய புத்தகத் தட்டு ஸ்பீக்கர்களில் இது சாதாரணம். 'சத்தம் செத்துப்போச்சு' என்பதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம், திருகைக் கொஞ்சம் கூடத் திருப்பினால் சரி. ஆனால் 8 ஓம் மட்டும் தாங்கும் அம்பில் 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டிச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம். அம்ப் சூடேறும், ஒலி வெட்டுப்பட்டு ட்வீட்டர் எரியும்.

வயருக்கு எவ்வளவு செலவழிக்க?

2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும். 5 மீற்றருக்கு, போய் வர 0.07 ஓம்தான் தடை. மீதிக் காசில் கம்பளம் வாங்குங்கள்.

தம்பி கனடாவில் இருந்து ஸ்பீக்கர் அனுப்பியிருக்கிறான். அப்படியே பூட்டலாமா?

அம்பில் பூட்டும் சாதாரண ஸ்பீக்கர் என்றால் தாராளமாக. உள்ளேயே அம்ப் உள்ள, நேரே கரண்டில் பூட்டுகிற வகை என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. பின்பக்கம் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தாலோ, மாற்றும் சுவிட்ச் இருந்தாலோ பிரச்சினை இல்லை. 120 மட்டும் என்றால் வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் பிளக்கைக் கையில் எடுக்க வேண்டாம்.

அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது, எனக்கு மட்டும் கூர்மையாகப் படுகிறது. யார் சொல்வது சரி?

இருவரும். வயதாக ஆக உயர் ஒலிகள் காதுக்குக் குறைந்துகொண்டே போகும். உங்களுக்குக் குத்துகிற இடம் அவருக்குத் தெளிவு. ஸ்பீக்கரின் முகத்தை அவர் கதிரைக்கு நேராகவும் உங்கள் கதிரைக்குச் சற்று விலகியும் திருப்பிப் பாருங்கள். ட்வீட்டரின் நேர்கோட்டில் இருந்து விலக விலக உச்சி ஒலி குறையும்.

மூன்று கிழமை கேட்டாயிற்று, வயர் சரி, இடம் சரி, கம்பளமும் போட்டாயிற்று. இன்னும் பிடிக்கவில்லை.

அப்படியென்றால் உங்கள் காதை நம்புங்கள். கடையில் பளிச்சென்று பிடிக்க வேண்டும் என்பதற்காக உச்சியைத் தூக்கிச் செய்த ஸ்பீக்கர்களும் உண்டு. முதல் ஐந்து நிமிடம் கவர்ந்து, ஒரு மணித்தியாலத்தில் களைப்புத் தருவது அவற்றின் அடையாளம். நீங்கள் பாட்டை இடையில் நிறுத்திவிட்டு எழும்பிப் போகிறீர்களா, நேரம் போவது தெரியாமல் இருக்கிறீர்களா என்று கவனியுங்கள். எழும்பிப் போகிறீர்கள் என்றால் கூச்சப்படாமல் விற்றுவிடுங்கள். அடுத்ததை வாங்குமுன் உங்கள் ஹோலிலேயே ஒரு நாள் வைத்துக் கேட்கத் தருவார்களா என்று கேளுங்கள்.

உப்புக்காற்றுக்கும் பல்லிக்கும் என்ன செய்வது?

கடற்கரைப் பக்கம் என்றால், மழைக்காலம் முடிய ஒரு முறை வயர் நுனியைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டுங்கள். வூஃபர் விளிம்பு நுரையால் ஆனது என்றால், எங்கள் ஈரக்காற்றில் சில வருடங்களில் உதிரும். றப்பர் விளிம்பு நெடுநாள் இருக்கும். பல்லியும் கரப்பானும் குடியேறுவது பின் ஓட்டையால்தான். மெல்லிய வலைத் துண்டு ஒன்றை அதன் வாயில் இழுத்துக் கட்டுங்கள். துணியால் அடைக்க வேண்டாம், பேஸ் மாறிவிடும்.